ஜோடியாக நாற்பது மணி நேரம்

அண்ணாமலை நகர்
10 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். விடுதிச் சாம்பார் புண்ணியத்தில் ஒரு கிலோ இளைத்திருக்கிறேன், மற்றபடி குறையில்லை. உன் முழங்கால் எப்படி? தைலம் தீர்ந்திருக்கும். தீர்ந்தும் வாங்கியிருக்க மாட்டாய்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, முக்கியமானதை எழுதி அனுப்பு என்று நீதானே சட்டம் போட்டாய். எழுதுகிறேன். இந்த இரண்டாம் வருஷம் முழுக்கப் பயிற்சிதான். சிதம்பரம் மேலவீதிப் பக்கம் ஒரு மாடியில் எங்கள் மையம் இலவசமாகக் குடும்ப ஆலோசனை கொடுக்கிறது. வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசுவது மாணவர்களாகிய நாங்கள். பக்கத்து அறையில் ஒருபக்கக் கண்ணாடிக்கு அந்தப் புறம் சூப்பர்வைசர் ஜான்சி மேடம். அவர் எங்களைப் பார்க்கலாம், நாங்கள் அவரைப் பார்க்க முடியாது. நான் உளறினால் இன்டர்காம் அடிக்கும். போன வாரம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மாமியார் விஷயத்தில் காரசாரமாக இருக்கும்போது அடித்தது. எடுத்தால், "எழிலரசி, தலையாட்டறத நிறுத்து. அந்தம்மா சொல்றதுக்கெல்லாம் ஆமாம் போட்டுக்கிட்டே இருக்க" என்கிறார். வைத்துவிட்டுத் திரும்பினால் இருவரும் சண்டையை விட்டுவிட்டு என்னையே பார்க்கிறார்கள். "வீட்லேர்ந்தா மேடம்? எதனா அவசரமா?" என்று அந்த ஆள் கேட்கிறார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மேடம் எல்லாச் செஷனுக்கும் உட்கார மாட்டார். மற்றவற்றை நாங்கள் குரல்பதிவு செய்து, சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் மணி நேரம் கணக்காகும்.

அங்கேதான் என் தலைவலி. சான்றிதழ் வாங்க மொத்தம் நூறு மணி நேரம் வேண்டும். அதில் நாற்பது, புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக உட்கார்ந்ததாக இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒன்பது. ஜனவரிக்குள் மீதி முப்பத்தொன்று வராவிட்டால் இந்த வருஷம் போச்சு, மறுபடி முதலிலிருந்து. பெண்கள் வருகிறார்கள். ஆண்களைக் கூப்பிட்டால், "எனக்கென்ன பைத்தியமா" என்கிறார்கள். வகுப்பில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்து, "உனக்கு எத்தன ஜோடி?" என்று கேட்டுக்கொள்கிறோம். வளையல் கடை மாதிரி ஆகிவிட்டது.

சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனால் பயமாக இருக்கிறது அக்கா. உன் பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடு.

உன்,
எழில்

*

கடலூர் ஓ.டி.
19 ஜூன் 2024

எழிலுக்கு அக்கா எழுதுவது.

கால் இருக்கிறது, நடக்கிறது. தைலம் வாங்கிவிட்டேன், நம்பாவிட்டால் வந்து பார். நீ விடுதிச் சாப்பாட்டைக் குறை சொல்லாமல் இரண்டு முட்டை வாங்கி அவித்துத் தின்னு.

முப்பத்தொரு மணி நேரத்துக்கா இப்படி மூக்கால் அழுகிறாய்? நான் இந்தத் தாழம்பூ இல்லத்தில் வார்டனாக வந்து ஒன்பது வருஷம். புருஷன் வீட்டில் இருக்க முடியாமல் துணிப்பையோடு வருகிற பெண்களைப் பார்த்துப் பார்த்து என் முகமே இப்படி ஆகிவிட்டது என்று டிரஸ்ட் ஆபீஸ் சுப்பராயலு சார் சொல்கிறார். அம்மாவும் அப்பாவும் போன பிறகு நான் பன்னிரண்டாவதோடு நின்றேன். பரவாயில்லை. நம் வீட்டுக்கு ஒரு பட்டம் வந்தால் அது உன்னால்தான் வர வேண்டும். நீ இந்த மாதிரி ஒரு வராண்டாவில் சாவிக்கொத்தோடு உட்காரக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு.

ஜோடிதானே வேண்டும்? என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் பாதி ஜோடி. மீதிப் பாதி மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே நின்று அழும், இல்லை கத்தும். நான் பார்த்துக்கொள்கிறேன். நீ படி.

வெயில் கொளுத்துகிறது, தண்ணீர் நிறையக் குடி.

அமராவதி

*

அண்ணாமலை நகர்
8 ஜூலை 2024

என் தங்க அக்காவுக்கு,

சுகம். இரண்டு முட்டை தின்கிறேன். உனக்குக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும்!

நீ அனுப்பிய ஜோடி சனிக்கிழமை வந்துவிட்டது. ஆனால் இனி உன் கடிதத்திலோ சீட்டிலோ பேர் எழுதி அனுப்பாதே. வருகிறவர்கள் பேரை நாங்கள் வெளியே சொல்லக் கூடாது, அது முதல் விதி. அவர்கள் கொண்டுவந்த உன் சீட்டை நான் கிழித்துப் போட்டேன். அந்த அம்மா என்றும் அந்த ஆள் என்றுமே எழுதுகிறேன், நீயும் அப்படியே எழுது.

அந்த ஆள் நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறாராம். நெற்றியில் பட்டை விபூதி, சலவைச் சட்டை, எனக்கு வயது இருபத்து நாலு, ஆனால் வாய்க்கு வாய் மேடம். "நாங்க மாறணும்னுதான் மேடம் இவ்ளோ தூரம் வந்திருக்கோம்" என்று ஆரம்பித்தவர் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மணி நேரம் அவரே பேசினார். அந்த அம்மா அண்ணாகிராமத்துப் பெண். முந்திரி உடைக்கப் போகிறாராம், விரலெல்லாம் முந்திரி ஓட்டுப் பாலால் வெந்து கறுத்திருக்கிறது. மடியில் பையை வைத்து அதன் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில். ஒன்பது வயதில் ஒரு பெண் இருக்கிறாளாம். பதிவுப் படிவத்தில் போன் நம்பருக்கு ஒரே ஒரு கட்டம். அந்த ஆள் உடனே தன் நம்பரைச் சொன்னார், எழுதிக்கொண்டேன். இனி கம்ப்யூட்டரே அவருக்கு நினைவூட்டல் அனுப்பிவிடும், நான் துரத்த வேண்டாம்.

மேடம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். "நல்ல ஆரம்பம். ஆனா ரெண்டு பேரையும் முதல்ல தனித்தனியா பாத்திருக்கணும். அடுத்த வாரமே பாத்துடு" என்றார். பார்க்க வேண்டும்.

ஒன்று கேட்க வேண்டும். இவர்கள் உன்னிடம் எப்படி வந்தார்கள்? அந்த அம்மா இல்லத்தில் தங்க வந்தவரா? படிவத்தில் 'யார் அனுப்பியது' என்று ஒரு வரி இருக்கிறது. அக்கா அனுப்பினாள் என்றா எழுதுவது? மேடம் என்னைக் கொன்றுவிடுவார். உடனே எழுது.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

எழில்

*

கடலூர் ஓ.டி.
30 ஜூலை 2024

எழிலுக்கு,

பதில் தாமதம். இங்கே தண்ணீர் மோட்டார் காயில் எரிந்து, நான்கு நாள் குடம் தூக்கியதில் கால் வீங்கிவிட்டது. இப்போது தேவலை. உனக்குச் சளி பிடித்திருப்பதாக விடுதிப் பெண் சொன்னாளே, இப்போது எப்படி?

ஆடி மாதம். பக்கத்து அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி வைத்துக் காதைப் பிளக்கிறார்கள். நம் கீழ்த்தெரு வீட்டு ஓட்டை மாற்ற வேண்டும், மழைக்கு முன்னால் ஆள் பார்க்கிறேன். உனக்குப் பச்சையில் ஒரு சுடிதார் எடுத்திருக்கிறேன், தைக்கக் கொடுக்க அளவு அனுப்பு.

அவர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்டிருந்தாய். குடும்பம் என்றால் ஆயிரம் வழியில் வருவார்கள். தெரிந்தவர் மூலம் என்று எழுதிவிடு. வாரம் தவறாமல் வருகிறார்களா இல்லையா, அதைச் சொல். இப்போது எத்தனை மணி நேரம் ஆயிற்று?

தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு படுக்காதே.

அமராவதி

*

அண்ணாமலை நகர்
26 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

சளி போய்விட்டது. கால் வீக்கம் வடிந்ததா? அளவை இதோடு வைத்திருக்கிறேன்.

இருபத்து நாலு மணி நேரம் ஆகிவிட்டது. அதில் பன்னிரண்டு நீ அனுப்பிய ஜோடி கொடுத்தது. எட்டு சனிக்கிழமை, ஒரு வாரம் கூடத் தவறவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் என்மேல் பொறாமை.

மூன்றாவது வாரம் அந்த அம்மாவைத் தனியாகப் பார்த்துவிட்டேன், இருபது நிமிஷம். அன்று மேடம் சென்னை போயிருந்தார். சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. தட்டச்சு செய்து கொடுத்தேன், கையெழுத்துப் போட்டுவிட்டார். கையெழுத்து விழுந்ததும் குரல்பதிவை ஒரு மாதத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்பது விதி. வருகிறவர்கள் ரகசியம் அல்லவா. நான் ஒரு சோம்பேறி, எதையும் இன்னும் அழிக்கவில்லை.

நேற்று அந்த அம்மாவே முந்திரிக் கம்பெனி மேஸ்திரி போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார். தனியாக வந்து பேச வேண்டுமாம். தில்லைக் காளிக்கு வேண்டுதல் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். செப்டம்பர் இரண்டு, திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நேரம் கொடுத்து, கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டேன். தனிச் செஷன் நாற்பதில் சேராது, இருந்தாலும் பரவாயில்லை.

எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. பரீட்சை நேரம், வேறொன்றும் இல்லை. நீ நன்றாகச் சாப்பிடு.

எழில்

*

அண்ணாமலை நகர்
5 செப்டம்பர் 2024

அக்கா,

ஏழு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. உனக்கு ஒன்றும் இல்லையே?

அந்த அம்மா திங்கட்கிழமை வரவில்லை. பதினோரு மணியிலிருந்து ஒரு மணி வரை ரெக்கார்டரை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் கிடைக்கவில்லை போல என்று நினைத்தேன். செவ்வாய் மதியம் மேஸ்திரி கூப்பிட்டார். திங்கட்கிழமை காலையிலேயே வீட்டில் வைத்து அந்த ஆள் ஜாக்கி ராடால் தலையில் அடித்துவிட்டான். கடலூரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நினைவு இல்லை.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் நினைவூட்டல் அனுப்பியிருக்கிறது. 'நாளை காலை 11 மணி, மனைவிக்குத் தனிச் சந்திப்பு.' படிவத்தில் இருந்த ஒரே நம்பருக்கு. அவன் நம்பருக்கு. அந்த நம்பரை எழுதியது நான். தனிச் சந்திப்பு என்று பதிந்ததும் நான். ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும், யோசிக்கவில்லை.

போய்ப் பார் அக்கா. என்னை மேடம் போகக் கூடாது என்கிறார். நீ போய்ப் பார்த்து எழுது, இல்லை போன் செய். சண்டை போட மாட்டேன்.

எழில்

*

கடலூர் ஓ.டி.
14 செப்டம்பர் 2024

எழிலுக்கு,

நான் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா?

போனில் சொல்ல வாய் வரவில்லை. அவள் ஆறாம் தேதி காலையில் போய்விட்டாள். இனி பேரை மறைத்து யாருக்கு என்ன ஆகப் போகிறது? கொளஞ்சியம்மாள். முப்பத்து நாலு வயது. முந்தின நாளே நான் செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன், அதனால்தான் நீ கூப்பிட்டபோது எடுக்கவில்லை. கண் திறக்கவே இல்லை. எரிப்பதற்கு அண்ணாகிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வரைக்கும் போய் ஒரு ஓரமாக நின்றுவிட்டு வந்தேன். அவள் புருஷன் அந்தப் பழனிவேலைப் போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது.

அவள் பெண் சந்திரலேகாவை அவள் மாமன் வீட்டில் வைத்துக்கொள்ள வழியில்லை என்று, அதிகாரிகள் உத்தரவு போட்டு இப்போதைக்கு இங்கே விட்டிருக்கிறார்கள். நாலாவது படிக்கிறாள். அன்று ஸ்கூலுக்குக் கிளம்பி யூனிபார்மோடு நின்றிருக்கிறாள். "எங்கப்பா போன காட்டி, மேடத்துகிட்ட தனியா இன்னாத்த சொல்லப் போறன்னு கேட்டுச்சு. அம்மா கோயிலுக்குன்னுச்சு" என்றாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சோறு போட்டால் தின்கிறாள். யாரிடமும் அழவில்லை.

உன் தப்பு இல்லை. நன்றாகக் கேட்டுக்கொள், உன் தப்பு இல்லை. கட்டம் ஒன்றுதான் வைத்தார்கள், நீ எழுதினாய். அடித்தவன் அவன். இதைப் போட்டு மண்டையைக் குழப்பிக்கொள்ளாமல் மீதி மணி நேரத்தைப் பார்.

அந்தக் குரல்பதிவை எல்லாம் அழிக்க வேண்டும் என்றாயே, அழித்துவிட்டாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அமராவதி

*

அண்ணாமலை நகர்
6 அக்டோபர் 2024

அக்கா,

காய்ச்சல் வந்து போய்விட்டது, இப்போது நடமாடுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்?

மையத்தில் மூன்று பேர் வைத்து விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். முதல் நாளே நம்பர் விஷயத்தை நானே சொல்லிவிட்டேன். ஜான்சி மேடம் எல்லோர் முன்னாலும் எழுந்து, "படிவத்த பாத்து கையெழுத்து போட்டது நான். அவளுக்கு மின்னாடி எங்கிட்ட கேளுங்க" என்றார். வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பாமலே ஒன்று கேட்டார். "தனியா பாத்தப்ப அவ ஒண்ணுமே சொல்லலையா எழில்? எட்டு வாரம் பையத் திருகிக்கிட்டு உக்காந்திருந்தவ, தனியா விட்டா ஒண்ணுமே சொல்லாமயா இருப்பா?" தட்டச்சில் உள்ளதுதான் மேடம் என்றேன்.

குழு ஒலிப்பதிவு இருக்கிறதா என்று கேட்டது. விதிப்படி அழித்திருந்தால் அழித்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் போதுமாம், யாரும் குற்றம் சொல்ல முடியாதாம். இருபதாம் தேதிவரை நேரம் கேட்டிருக்கிறேன்.

அழிக்கவில்லை. நீ ஏன் அதைக் கேட்டாய்?

மாத்திரையை மறக்காதே.

எழில்

*

கடலூர் ஓ.டி.
15 அக்டோபர் 2024

எழிலுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. வராண்டா எல்லாம் தண்ணீர். எனக்கு ஒன்றும் இல்லை. காய்ச்சல் விட்டதும் குளிக்காதே, ஒரு வாரம் போகட்டும்.

ஏன் கேட்டேன் என்றால், கேட்டேன். அக்கா கேட்கக் கூடாதா? இங்கே பதினோரு பெண்கள் இருக்கிறார்கள், நாலு குழந்தைகள். நாளைக்கு யாராவது வந்து இந்த இல்லத்தைப் பற்றி ஏதாவது கிளப்பினால் டிரஸ்ட் பூட்டைப் போட்டுவிட்டுப் போய்விடும். இவர்கள் எந்த வாசலுக்குப் போவார்கள்? சந்திரலேகா எங்கே போவாள்? நீ பெரிய நியாயஸ்தி மாதிரி எதையாவது செய்து வைக்காதே. விதியே அழிக்கச் சொல்கிறதே, அப்புறம் என்ன?

நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவள் இல்லை. அந்தப் புருஷன் என் காலில் விழாத குறையாக, திருந்திவிட்டேன் என்று அழுதான். அப்படி அழுத எத்தனையோ பேர் ஒழுங்காகக் குடித்தனம் பண்ணுகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். உன்னிடம் நான் இது வரைக்கும் எதையும் கேட்டதில்லை எழிலு. இதை ஒன்று செய். அழித்துவிட்டுப் படிப்பை முடி.

சுக்குக் கஷாயம் போட்டுக் குடி.

அமராவதி

*

அண்ணாமலை நகர்
20 நவம்பர் 2024

அக்கா,

உடம்பு தேறிவிட்டது. மழையில் கீழ்த்தெரு வீடு ஒழுகியதா?

குரல்பதிவைக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் போலீசுக்கும் ஒரு நகல் கொடுத்திருக்கிறார்கள். உன்னை வந்து விசாரித்திருப்பார்கள். கொடுப்பதற்கு முன்னால் உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நீ பஸ் ஏறி வந்திருப்பாய், நீ வந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

அதில் இருப்பதை நீயும் படிக்க வேண்டும். ஜூலை இருபது, மூன்றாம் வாரம், பன்னிரண்டாவது நிமிஷம். கொளஞ்சியம்மாள் சொல்வது:

"இப்ப அடிக்கறதில்ல மேடம். இந்த பத்து வாரம் முடியட்டும்னு கீறாரு போல. நான் இவருகூட போவமாட்டேன், இங்கியே இருந்துடறேன்னுதான் பொண்ண கூட்டிக்கினு இல்லத்துக்கு வந்தேன். வார்டன் அம்மாதான் சொன்னாங்க, ஜோடியா பத்து வாரம் சிதம்பரம் போயிட்டு வா, எந் தங்கச்சி அங்க படிக்குது, அதுக்கு புருஷன் பொண்டாட்டியா ஆளு வேணும், நீ போனா அதுக்கும் ஒத்தாசயா இருக்கும்னாங்க. நல்லவங்க, எனக்கு தட்ட முடியல. நீங்கதான மேடம் அந்தத் தங்கச்சி?"

அதற்கப்புறம் மின்விசிறிச் சத்தம். பிறகு என் குரல்: "சரிங்க. அடுத்த வாரமும் ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்க."

ஆமாம் அக்கா, எனக்கு ஜூலையிலேயே தெரியும். அதனால்தான் அவர்கள் எப்படி வந்தார்கள் என்று ஆகஸ்ட் கடிதத்தில் உன்னிடம் மறுபடி கேட்கவில்லை. நீ அதைச் சொல்லாமல் விட்டதை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று காட்டவோ, உன்னைக் குற்றவாளி ஆக்கவோ இதை எழுதவில்லை. அன்றைக்கே மேடத்திடம் சொல்லியிருந்தால் ஜோடிச் செஷனை நிறுத்தி, அவளை அன்று சாயங்காலமே பத்திரமான இடத்தில் வைத்திருப்பார்கள். அப்போது எனக்கு அந்த ஜோடியில் நாலரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. தட்டச்சு செய்யும்போது அந்த ஒரு பத்தியை விட்டேன். விட்டது தெரியாமல் இருக்க முன்வரியையும் பின்வரியையும் சேர்த்தேன். பிறகு ஐந்து சனிக்கிழமை அவளை அவன் பக்கத்தில் உட்கார வைத்து, "அவரப் பாத்து சொல்லுங்க" என்று சொல்லிக்கொடுத்தேன்.

மேடம் அந்தப் பத்தியைக் கேட்டுவிட்டு ரெக்கார்டரை அணைத்தார். திட்டுவார் என்று நின்றேன். "போ, போயி மூஞ்சிய கழுவிக்கினு வா" என்றார், அவ்வளவுதான். குழு எனக்கு எழுத்தில் கண்டனம் கொடுத்திருக்கிறது. படிவத்தை மாற்றிவிட்டார்கள், இப்போது போன் நம்பருக்கு இரண்டு கட்டம். அந்தப் பன்னிரண்டு மணி நேரம் செல்லுமா என்று அலுவலகத்தில் ஒருவர் விதியை எடுத்துப் பார்த்தார். கையெழுத்து முறையாக இருப்பதால் செல்லுமாம். அதையும் சேர்த்து இப்போது முப்பது, இன்னும் பத்து மணி நேரம் முடித்தால் எனக்குச் சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். இரண்டு ஜோடிகள் காத்திருக்கிறார்கள். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ என்னைத் திட்டி ஒரு கடிதம் போட்டால் கூடப் போதும்.

எழில்

*

கடலூர் ஓ.டி.
12 ஜனவரி 2025

எழிலுக்கு,

கால் வலி அப்படியேதான். நீ இளைத்துவிட்டதாக ஜான்சி மேடம் சொன்னார். ஆமாம், அவர் இங்கே வந்திருந்தார், ஒரு மணி நேரம் இருந்து டீ குடித்துவிட்டுப் போனார். உன்னைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மாதமாகப் பதில் போடாததற்குக் கோபம் காரணம் இல்லை. முதலில் கோபம்தான். உன் கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டேன், பிறகு பொறுக்கி ஒட்டினேன். போலீஸ் கேட்டபோது இருந்ததை இருந்தபடி சொல்லிவிட்டேன். டிரஸ்ட் என்னை இந்த மாதத்தோடு நிறுத்துகிறது. இல்லத்தைப் பூட்டவில்லை. பூட்டிவிடுவார்கள் என்று உனக்குப் பயம் காட்டினேனே, அது பொய். எனக்கே என்மேல் பயம் வந்து எழுதியது.

அன்று கொளஞ்சி வந்தபோது கட்டில் காலியாகத்தான் இருந்தது. அதிலேதான் இரண்டு பேரும் படுத்தார்கள். காலையில் அவன் கேட்டுக்கு வெளியே நின்று அழுதான். சட்டென்று உன் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. முப்பத்தொரு மணி நேரம். நான் அவளை மிரட்டவில்லை எழிலு, வெளியே போ என்று சொல்லவில்லை. கெஞ்சினேன். என் தங்கைக்காகச் செய் என்று கெஞ்சினேன். மிரட்டியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள்.

சந்திரலேகாவை இருபதாம் தேதி விழுப்புரம் பக்கம் ஒரு குழந்தைகள் விடுதிக்கு அனுப்புகிறார்கள். நேற்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன், வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நானும் அம்மாவும் இங்க வந்து படுத்தோம்ல? காலைல ஏன் எங்கள அனுப்பிட்டீங்க?" என்று கேட்டாள். நாலு மாதமாக என்னோடு இருக்கிறாள், இதுவரை அதைக் கேட்டதில்லை. சொல்வதற்குப் பொய் வாய்வரை வந்தது. ஆனால் ஊருக்கெல்லாம் தெரிந்ததை அவளிடம் மட்டும் மறைத்து அனுப்ப மனசு வரவில்லை. "எந் தங்கச்சி சிதம்பரத்துல படிக்குது. அது பாஸ் பண்ணணும்னு ஒங்கம்மாவ அங்க அனுப்பினேன்" என்றேன்.

எழுந்து போய்விடுவாள், இல்லை அழுவாள் என்று பார்த்தேன். கையில் இருந்த பாவாடையை மடித்து முடித்தாள். பிறகு கேட்டாள்: "அவுங்க பாஸ் பண்ணிட்டாங்களா?"

குத்திக்காட்டவில்லை எழிலு. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்று காலையிலிருந்து தபால்காரர் வந்துவிட்டாரா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். இருபதாம் தேதிக்குள் என்ன பதில் சொல்வது என்று எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா